மொட்டை முனை மரத் திருகாணி

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தில் மரத் திருகாணி கைவேலைதான். ஆணி செய்பவர் காய்ச்சித் தட்டிய கம்பியில் மரையை அரத்தால் ராவி எடுப்பார். ஒன்று போல் இன்னொன்று இராது. மரை சில இடங்களில் ஆழமாகவும் சில இடங்களில் மேலோட்டமாகவும் விழும். விலையும் அதிகம். அதனால் பூட்டு, கீல் போன்ற இரும்பு வேலைக்கு மட்டுமே தச்சர்கள் அதைத் தொட்டார்கள்.

1760இல் ஸ்டாஃபோர்ட்ஷயரைச் சேர்ந்த ஜாப், வில்லியம் வயாட் சகோதரர்கள் மரை வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றனர். விலை இறங்கியது. ஆனால் முனை மட்டும் மொட்டையாகவே இருந்தது. மரத்துக்குள் தானாக வழி தேடிப் போகாது. போகவேண்டிய ஆழம் முழுவதும் முதலில் துளை போட்டாக வேண்டும். துளை அகலமானால் பிடி இல்லை, குறுகினால் மரம் வெடிக்கும்.

அமெரிக்காவில் தாமஸ் ஸ்லோன் 1846இல் காப்புரிமை பெற்ற கூர்முனைத் திருகாணி இந்தத் தொல்லையைக் குறைத்தது. அந்த உரிமையை வாங்கிய பர்மிங்ஹாமின் நெட்டில்ஃபோல்ட் நிறுவனம் பெருந்தொழிற்சாலையாக வளர்ந்தது. பின்னாளில் அரசியலில் புகழ்பெற்ற ஜோசஃப் சேம்பர்லின் அதன் கூட்டாளி. பழைய மேசையின் வயதைக் கணிப்பவர்கள் இன்றும் கீலின் திருகாணியைக் கழற்றிப் பார்ப்பதுண்டு. மொட்டை முனையும் நடுவிலிருந்து விலகிய தலைக்காடியும் பழமைக்கு அடையாளம். திருகாணியைப் பிற்பாடு யாரும் மாற்றியிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தலையின் மாற்றம் தாமதமாகவே வந்தது. ஒற்றைக் காடியிலிருந்து திருப்புளி வழுக்கி மரத்தைக் கீறும். கனடாவின் ராபர்ட்சன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதுரக் குழியையும், 1930களில் அமெரிக்காவின் ஹென்றி ஃபிலிப்ஸ் சிலுவைக் காடியையும் சந்தைக்குக் கொண்டுவந்தனர்.