அஞ்சற்பெட்டிகளின் இடமாற்றம்: கார்னகி மெலன் கண்ட வழி

பெரிய நிறுவனம் ஒன்றின் மின்னஞ்சலைப் பல கணினிகள் கூடிச் சுமக்கும் 'கிளஸ்டர்' முறை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருப்பெற்ற விதத்தை அறிய, அப்பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் 1982-இல் கைகோத்துத் தொடங்கிய ஆண்ட்ரூ திட்டத்திலிருந்து கதையைத் தொடங்க வேண்டும். வளாகம் முழுமைக்கும் பொதுவான கோப்பு முறைமை ஒன்றை அத்திட்டம் உருவாக்கியது. அதன்மேல் இயங்கிய ஆண்ட்ரூ செய்தி முறைமை, தனிக் கடிதங்களோடு பலரும் படிக்கும் பொது அறிவிப்புப் பலகைகளையும் தாங்கி நின்றது. எழுத்தோடு படத்தையும் சேர்த்தனுப்பும் வசதி அதில் 1980களிலேயே இருந்தது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான நத்தானியேல் போரன்ஸ்டைன், இன்று உலகெங்கும் கடிதங்களோடு கோப்புகளை இணைக்கப் பயன்படும் மைம் தரத்தைப் பின்னர் 1992-இல் நெட் ஃபிரீடுடன் சேர்ந்து வகுத்தார்.

ஆனால் ஆண்ட்ரூ செய்தி முறைமை தனக்கேயுரிய வடிவங்களைச் சார்ந்திருந்ததால், வெளியார் எழுதிய அஞ்சல் மென்பொருள்கள் அதனோடு இயல்பாக ஒட்டவில்லை. கடிதத்தைச் சர்வரிலேயே இருக்கவிட்டு, எந்தக் கணினியிலிருந்தும் அதைப் படிக்க வழிசெய்யும்படி ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் 1986-இல் வகுத்த ஐமேப் நெறிமுறை 1990களில் பொதுத் தரமாக வலுப்பெற்றபோது, கார்னகி மெலன் தன் அஞ்சலை அதற்கு மாற்றத் துணிந்து 1994-இல் சைரஸ் திட்டத்தைத் தொடங்கியது.

அக்கால யூனிக்ஸ் கணினிகளில் ஒருவரது அஞ்சல் முழுவதும் ஒரே கோப்பில் கிடந்ததால், அதைப் படிக்கும் நிரலும் புதுக் கடிதம் சேர்க்கும் நிரலும் ஒன்றுக்கொன்று காத்திருக்க நேர்ந்தது. சைரஸ் ஒவ்வொரு கடிதத்தையும் தனிக் கோப்பாக வைத்து, அவற்றுக்கான அட்டவணையைத் தனியே பேணியது. பயனர் எவரும் அந்தச் சர்வருக்குள் நேரடியாக நுழையாதபடி அதை முத்திரையிட்டும் வைத்தது. எந்தப் பலகையை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற உரிமைப் பட்டியலும், ஒருவருக்கு எவ்வளவு இடம் என்ற வரம்பும் ஐமேப்பின் நீட்சிகளாக 1997-இல் கார்னகி மெலனின் ஜான் மையர்ஸ் பெயரில் வெளியாயின. அதற்கு முந்தைய ஆண்டு அவர் வகுத்த எல்எம்டிபி, ஒரே கடிதத்துக்குப் பல பெறுநர்கள் இருக்கும்போது ஒவ்வொருவருக்கும் அது சேர்ந்ததா இல்லையா எனத் தனித்தனியே விடைசொல்லும் நெறிமுறையாகும்.

ஒரே இயந்திரம் போதாத நிலை வந்தபோது, பயனர்களைப் பல சர்வர்களுக்குப் பிரித்துவிட்டு, பெயரைக் கொண்டு உரியவரை உரிய சர்வருக்கு அனுப்பிவைப்பதே எளிய தீர்வாகத் தோன்றும். பொது அறிவிப்புப் பலகைகளைக் கைவிட்டிருந்தால் கார்னகி மெலனுக்கும் அதுவே போதுமானதாக இருந்திருக்கும். ஒருவரது சொந்தப் பெட்டி ஒரு சர்வரிலும் அவர் படிக்க விரும்பும் பலகை வேறொன்றிலும் இருந்தால், அந்த எளிய பிரிவினை உடைந்துவிடுகிறது. பலகைகளை விட்டுக்கொடுக்காத அந்தப் பிடிவாதமே பின்வந்த கட்டமைப்பின் தாய் என்று கொள்வது பொருந்தும்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவான அக்கட்டமைப்பு, காக்கைக் கூட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லால் 'மர்டர்' எனப்பட்டது. அதில் பின்னே நிற்கும் சர்வர்கள் கடிதங்களைச் சேமிக்க, முன்னே நிற்பவை பயனரை வரவேற்று உரிய இடத்துக்கு இணைத்துவிட, எந்தப் பெட்டி எங்கே உள்ளது, அதில் யாருக்கு என்ன உரிமை என்ற முழுப் பதிவேட்டையும் தலைமைச் சர்வர் ஒன்று காத்தது. பதிவேட்டைத் திருத்தும் அதிகாரம் தலைமைக்கு மட்டுமே உண்டு. ஆனால் அதன் நகல் முன்னணிச் சர்வர் ஒவ்வொன்றிலும் இருந்தமையால், தலைமை முடங்கினாலும் புதுப் பெட்டி திறப்பது போன்ற வேலைகள்தான் நின்றனவே ஒழிய, படிப்பது நிற்கவில்லை. இந்த ஏற்பாட்டுக்கென்றே எழுதப்பட்ட எம்அப்டேட் நெறிமுறை 2003 டிசம்பரில் வெளியானது.

இடமாற்றத்தின் கடினமும் இப்பதிவேட்டினாலேயே தணிந்தது. வளாகம் முழுவதற்கும் ஒரே இரவில் அஞ்சலை நிறுத்த வேண்டிய தேவையின்றி, பெட்டி ஒன்றைத் தற்காலிகமாகச் செயலற்றதாகக் குறித்து, உள்ளிருப்பதை வேறொரு சர்வருக்கு நகலெடுத்து, புது முகவரியுடன் பதிவேட்டில் மீண்டும் செயல்படுத்திய பின்னரே பழைய பிரதியை அழிப்பது இயன்றது. இடைப்பட்ட நேரத்தில் வரும் கடிதத்துக்குத் தற்காலிகத் தோல்வி என்று விடை கிடைத்தாலும், அனுப்பும் சர்வர் அதை வரிசையில் வைத்து நாட்கணக்கில் மீண்டும் மீண்டும் முயல்வது மின்னஞ்சலின் தொன்றுதொட்ட வழக்கமாதலால், கடிதம் தொலைவதில்லை. பயனர் தம் மென்பொருளில் எழுதி வைத்த சர்வர் பெயரும் மாறுவதில்லை. இம்முறையின் உண்மையான சாதனை இதுவே.

எனினும் பின்னணிச் சர்வர் ஒன்று பழுதானால் அதிலுள்ள பெட்டிகள் மீளும்வரை கிடைக்கமாட்டா. இக்குறையைப் போக்க, பெட்டிகளின் நகலை இன்னொரு சர்வரிலும் வைக்கும் பிரதியெடுப்பு வசதி, கார்னகி மெலனில் அன்றி, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டு, சைரஸின் 2.3 பதிப்பில் இடம்பெற்றது. மாற்றங்கள் சற்றுப் பின்தங்கியே பிரதிக்குச் சென்றமையாலும், இரு சர்வர்களும் ஒரே வேளையில் தாமே மூலமெனச் செயல்பட்டால் கடிதங்கள் இருவேறு வரலாறுகளாகப் பிரிந்துவிடும் என்பதாலும், பொறுப்பைப் பிரதிக்கு மாற்றும் முடிவு இயந்திரத்திடம் விடப்படாமல் நிர்வாகியின் கையிலேயே வைக்கப்பட்டது.