ஸ்டார் ஃபெரி: ஐந்து சென்ட் உயர்வும் ஹாங்காங் கலவரமும்

ஸ்டார் ஃபெரி என்பது ஹாங்காங் தீவுக்கும் எதிர்க்கரையிலுள்ள கவுலூனுக்கும் இடையே விக்டோரியா துறைமுகத்தைக் கடக்கும் பயணிகள் படகுச் சேவை ஆகும். இன்று சுற்றுலாப் பயணிகள் விரும்பி ஏறும் படகாகவே பலரும் இதை அறிவர். ஆனால் நீண்ட காலம் இது, நம் ஊர் டவுன் பஸ்ஸைப் போல, வேலைக்கும் பள்ளிக்கும் செல்வோரின் அன்றாட வாகனமாக இருந்தது.

இதைத் தொடங்கியவர் தோராப்ஜி நவ்ரோஜி மிட்டாய்வாலா என்ற பார்சி வணிகர். இந்தியாவிலிருந்து சென்று ஹாங்காங்கில் தொழில் நடத்திய அவர், 1888-ல் கவுலூன் ஃபெரி கம்பெனியை நிறுவினார். மார்னிங் ஸ்டார், ஈவினிங் ஸ்டார் எனப் படகுகளின் பெயர்கள் 'ஸ்டார்' என்றே முடிந்தன. 1898-ல் நிறுவனம் கைமாறியபோது, புதிய பெயரும் அதிலிருந்தே பிறந்தது. அப்போது அதை வாங்கியவர் கல்கத்தாவில் பிறந்த ஆர்மீனியரான பால் சாட்டர்.

படகின் அமைப்பு எளிமையானது. இரு முனைகளும் ஒரே மாதிரி இருப்பதால் கரையில் படகைத் திருப்ப வேண்டியதில்லை; இருக்கைகளின் முதுகுப்பலகையை மறுபக்கம் தள்ளினால் போதும், பயணிகள் முன்னோக்கி அமரலாம். மேல்தளம் முதல் வகுப்பு, கீழ்தளம் இரண்டாம் வகுப்பு. பத்து நிமிடத்துக்குள் மறுகரை. இறங்கியவுடன் ஏறிக்கொள்ளப் படகுத்துறை வாசலிலேயே பேருந்துகள் நிற்கும்.

1960-களில் துறைமுகத்தின் குறுக்கே பாலமோ சுரங்கப்பாதையோ கிடையாது. கடக்க வேண்டுமானால் படகுதான். இந்நிலையில் 1965-ல் நிறுவனம் கட்டண உயர்வு கோரியது. முதல் வகுப்புக் கட்டணம் 20 சென்ட்டிலிருந்து 25 சென்ட்டாக உயரும். இரண்டாம் வகுப்பு 10 சென்ட்டிலேயே நிற்கும். ஏழைகள் கீழ்தளத்தில்தானே செல்கிறார்கள், அவர்களுக்கு என்ன நஷ்டம் என்று இன்று படிக்கும் மாணவருக்குத் தோன்றலாம். கணக்கில் அது சரி. ஆனால் அந்த ஆண்டில்தான் வங்கி நெருக்கடி ஏற்பட்டிருந்தது. படகைத் தொடர்ந்து மற்ற விலைகளும் ஏறும் என்று மக்கள் அஞ்சினார்கள். அதைவிட, தங்களைக் கேட்க யாருமில்லை என்ற மனக்குறையே பெரிது என்று நான் கருதுகிறேன். காலனி அரசில் அவர்களுக்கு இருந்த குரல் மிகக் குறைவு.

நகர்மன்ற உறுப்பினர் எல்சி எலியட் உயர்வை எதிர்த்து 20,000-க்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டினார். 1966 ஏப்ரல் 4 அன்று சோ சௌ-சுங் என்ற இளைஞர், தம் கோரிக்கையை மேலங்கியில் எழுதிக்கொண்டு, தீவுப் பக்கத்துப் படகுத்துறையில் தனியாக உண்ணாவிரதம் அமர்ந்தார். மறுநாள் அவர் கைது செய்யப்பட்டார். கவுலூனில் ஊர்வலங்கள் தொடங்கி, அடுத்த இரவுகளில் அவை கலவரமாக மாறின. ஊரடங்கு உத்தரவு வந்தது, ராணுவம் இறங்கியது. ஒருவர் உயிரிழந்தார், 1,400-க்கும் அதிகமானோர் கைதாயினர். ஐந்து சென்ட்டுக்கு இத்தனையும்!

கட்டணம் எப்படியும் உயர்ந்தது. ஆனால் அரசு அமைத்த விசாரணைக் குழு, இளைஞர்களின் மனக்குறையையும், அரசுக்கும் மக்களுக்கும் இடையே இருந்த தூரத்தையும் சுட்டிக்காட்டியது. 1967-ல் இதைவிடப் பெரிய கலவரம் வெடித்தது. அதன் பின் 1968-ல், மக்கள் நேரில் சென்று முறையிடும் வகையில் நகர மாவட்ட அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர்.

1972-ல் கடலடிச் சுரங்கச்சாலை திறக்கப்பட்டதும் பேருந்துகள் நேராகவே மறுகரைக்குச் சென்றன. 1980-ல் மெட்ரோ ரயிலும் துறைமுகத்தைக் கடந்தது. படகின் அவசியம் குறைந்தது.

ஆயினும் 2006 நவம்பரில், கடலை நிரப்பி நிலமாக்கும் திட்டத்துக்காகத் தீவுப் பக்கத்தின் பழைய படகுத்துறை மூடப்பட்டபோது, கடைசிப் பயணத்துக்குப் பெருங்கூட்டம் வந்தது. டிசம்பரில் அதன் மணிக்கூண்டை இடிக்க வந்தவர்களை இளைஞர்கள் தடுத்து நின்றனர். ஆனாலும் கூண்டு இடிக்கப்பட்டது. புதிய படகுத்துறை அலுவலகங்களிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால் நடை கூடிவிட்டது. படகுகள் இன்றும் ஓடுகின்றன, மேல்தளம் ஒரு கட்டணம், கீழ்தளம் ஒரு கட்டணம் என்று.