பூளைப்பூவும் இப்னு சீனாவின் விதியும்

சேலம், நாமக்கல் சமவெளியின் மானாவாரி நிலங்களிலும் வரப்போரங்களிலும் வெண்கதிர் விட்டு நிற்கும் எளிய செடி சிறுபீளை. பூளைப்பூ என்பது மக்கள் வழக்கு. பொங்கலுக்கு முந்தைய நாள் நம் அண்டை வீட்டார் வேப்பிலை, ஆவாரம்பூ ஆகியவற்றுடன் இதனையும் சேர்த்துக் காப்புக் கட்டுவதை நாம் அறிவோம். சிறுநீர்க் கல்லுக்கு இதன் கஷாயத்தை வழங்குவது சித்த மருத்துவ மரபு.

சென்ற நூற்றாண்டு உயிர்காக்கும் மருந்துகள் பலவற்றைத் தந்தது. 1963-இல் கண்டறியப்பட்ட ஜென்டாமைசின் கடுமையான கிருமித் தொற்றை அடக்கியது. 1978-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சிஸ்பிளாட்டின் புற்றுநோயை எதிர்த்தது. ஆயினும் இவ்விரண்டும் சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களில் தேங்கி, அவற்றைச் சிதைக்கவும் வல்லவை.

இச்சிதைவைத் தடுக்க இயலுமா எனக் கர்நாடகத்தின் மணிப்பால் ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். இம்மருந்துகளால் சிறுநீரகம் பழுதுற்ற எலிகளுக்குச் சிறுபீளைச் சாற்றைக் கொடுத்தபோது, உயர்ந்திருந்த யூரியாவும் கிரியேட்டினினும் குறைந்தன என 2004-இல் அறிவித்தனர். ஆவாரை வேரிலும் இத்தகைய பயனைக் கண்டதாக 2005-இல் எழுதினர்.

இச்செய்தி மகிழ்ச்சி தருவதே. எனினும், நோயாளிக்குக் கஷாயம் காய்ச்ச விரையுமுன் நம் முன்னோரான மருத்துவ மேதை ஒருவரின் சொல்லைச் செவிமடுப்போம். 1025-ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற 'அல்கானூன் ஃபித்திப்' நூலில், மருந்தைச் சோதிக்கும் விதிகளை இப்னு சீனா வகுத்தார். மருந்தை மனித உடலிலேயே சோதித்தறிய வேண்டும். சிங்கத்திடமோ குதிரையிடமோ கண்ட பலன் மனிதனுக்குப் பொருந்தாமல் போகலாம் என்பது அவற்றுள் ஒன்று. எலிக்கும் அவ்விதி பொருந்தும்.

மூலிகையெல்லாம் தீங்கற்றவை என்னும் எண்ணமும் பிழையே. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காக மூலிகை மாத்திரை உட்கொண்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் பழுதுற்றனர். அதில் கலந்திருந்த அரிஸ்டோலோகிக் அமிலமே காரணம். நம் கரிசல் நிலத்தில் வளரும் ஆடுதின்னாப்பாளையிலும் அதே நஞ்சு உண்டு.

ஆகவே, புற்றுநோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ சிகிச்சை பெறுவோர் எந்த மூலிகையையும் மருத்துவரிடம் மறைத்து உட்கொள்ளலாகாது. உடல் இறைவன் தந்த அமானிதம். அதனைச் சோதனைக் களமாக்காமல் காப்பது நம் கடமை. நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக, ஆமீன்.