சர்க்கரைக் கணக்கு

ஆண்டு மலருக்கு ஓர் இன்ஜினியர் சர்க்கரையைப் பற்றி எழுதினால், "ஏம்ப்பா, வேற விஷயமே கிடைக்கலையா?" என்று நண்பர்கள் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இது ஒரு கணக்கின் சரித்திரம்.

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் டீயும் சர்க்கரையும் ஏழை வீடு வரை போய்விட்டன. அந்தச் சர்க்கரை மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் கரும்பு வெட்டிக் காய்ச்சியது. வாங்கியவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர்கள் அல்ல. கடலுக்கு அப்பால் நடந்தது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

தாமஸ் கிளார்க்சன் துறைமுகம் துறைமுகமாக அலைந்து மாலுமிகளை விசாரித்தார். கடையில் விற்ற கைவிலங்குகளையே வாங்கி வந்து ஜனங்களிடம் காட்டினார். 1788-ல் 'புரூக்ஸ்' என்ற கப்பலின் படம் அச்சாயிற்று. நாம் டிராயிங் ஹாலில் போட்ட பிளான் மாதிரியே இருக்கும். ஆனால் அதில் அடுக்கியிருந்தது மனிதர்களை!

1791-ல் அடிமை வியாபாரத்தை நிறுத்தும் மசோதா பார்லிமெண்டில் 163-க்கு 88 என்று தோற்றது. அதே வருஷம் வில்லியம் ஃபாக்ஸ் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். வாரம் 5 பவுண்டு சர்க்கரை வாங்கும் குடும்பம், சர்க்கரையையும் ரம்மையும் 21 மாதம் நிறுத்தினால் ஒரு மனிதன் அடிமையாவதோ சாவதோ தடுக்கப்படும் என்று கணக்குப் போட்டார். கணக்கு துல்லியமா என்று நாம் வாதாடலாம். ஆனால் எங்கோ நடந்த கொடுமை வீட்டு டீ கோப்பைக்குள் வந்துவிட்டது. சுமார் 3 லட்சம் பேர் சர்க்கரையை விட்டதாகக் கிளார்க்சன் மதிப்பிட்டார். 1807-ல் அடிமை வியாபாரத்துக்குத் தடை வந்தது; 1833-ல் அடிமை ஒழிப்புச் சட்டம்.

கதை இதோடு முடியவில்லை. 1820-களில் 'கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் செய்ததல்ல' என்று எழுதிய கிண்ணங்கள் விற்றன. அதாவது, நம்ம ஊர்ப் பக்கத்துச் சர்க்கரை! அந்த நாளில் கம்பெனி ஆட்சியிலும் அடிமைகள் இருந்தார்கள். 1833 சட்டம் கம்பெனிப் பிரதேசங்களை விட்டுவிட்டது. இங்கே சட்டம் வர 1843 ஆயிற்று. மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கோ, 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறியவர்களில் தமிழர்களும் உண்டு. கிண்ணத்தில் எழுதியதை நம்பியவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா?

நல்ல மனசு மட்டும் போதாது, விவரமும் வேண்டும். நம்மில் பலர் இன்று பர்ச்சேஸ் ஆர்டரில் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கிறோம். செங்கல் வாங்கும்போது ஸ்ட்ரெங்த் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்கிறோம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அந்தச் சூளையில் வேலை செய்பவர்கள் அட்வான்ஸ் கடனில் மாட்டிக்கொண்டவர்களா என்று, சூளைக்கே நேரில் போய் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?