இந்தியப் புள்ளியியல் கழகத்தின் நால்வர்

இந்தியப் புள்ளியியல் கழகத்தின் நால்வர் என்போர், 1956 முதல் 1963 வரையிலான காலத்தில் கொல்கத்தாவிலுள்ள அக்கழகத்தில் இளம் ஆய்வாளர்களாக இருந்து, நிகழ்தகவுக் கோட்பாட்டில் பெயர்பெற்ற வி. எஸ். வரதராஜன், ஆர். ரங்கா ராவ், கே. ஆர். பார்த்தசாரதி, எஸ். ஆர். சீனிவாச வரதன் ஆகியோர் ஆவர். இவர்களுக்கு நெறியாளராக இருந்தவர் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ்.

பின்னணி

இக்கழகத்தை 1931 இல் பி. சி. மகாலனோபிசு நிறுவினார். 1959 இல் இயற்றப்பட்ட நாடாளுமன்றச் சட்டம் இதற்குப் பட்டம் வழங்கும் உரிமையை அளித்தது. நால்வருள் மூவர் சென்னையில் பயின்றவர்கள். வரதராஜனும் வரதனும் மாநிலக் கல்லூரி மாணவர்கள். பார்த்தசாரதி விவேகானந்தா கல்லூரி மாணவர்.

ஆய்வுச் சூழல்

வரதன் 1959 இல் கழகத்தில் சேர்ந்தபோது தொழிற்சாலைகளுக்கான தரக் கட்டுப்பாட்டையே கற்க எண்ணியிருந்தார். மூத்த ஆய்வாளர்களான மற்ற மூவருடன் ஏற்பட்ட தொடர்பு அவரை நிகழ்தகவுக் கோட்பாட்டின்பால் திருப்பியது. நெறியாளரின் சிறப்புத் துறை மதிப்பீட்டுக் கோட்பாடு ஆகும். எனினும் மாணவர்கள் தாம் விரும்பிய துறையைத் தேர்ந்துகொள்ள இயன்றது. கருத்தரங்குகள் நடத்தி ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டதே இவர்களது முதன்மையான பயிற்சியாக அமைந்தது.

ஆய்வுகள்

தற்செயலான பல எண்களைக் கூட்டினால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கூட்டுத்தொகையின் பரவல் இயல்நிலைப் பரவலை நெருங்கும். எண்களுக்குப் பதிலாகச் சுழற்சி போன்ற செயல்களை அடுத்தடுத்துச் செய்தால் என்ன நிகழும் என்பது இயல்பாக எழும் வினா. பார்த்தசாரதி, ரங்கா ராவ், வரதன் ஆகிய மூவரும் 1962, 1963 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கூட்டுக் கட்டுரைகள், குலங்களின் மீதான இத்தகைய பரவல்களை ஆராய்ந்தன. வரதனின் ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களுள் உருசியக் கணிதவியலாளர் கோல்மோகோரோவும் ஒருவர். அவர் 1962 இல் கழகத்திற்கு வருகை தந்திருந்தார்.

பிற்காலப் பணி

வரதன் 1963 இல் நியூயார்க்கிலுள்ள கூரண்ட் கழகத்தில் முனைவர் பட்ட மேலாய்வாளராகச் சேர்ந்தார். 1966 இல் உதவிப் பேராசிரியரானார். அதே ஆண்டு வெளிவந்த அவரது கட்டுரை, மிக அரிதாக நிகழும் விலகல்களை அளவிடும் பெருவிலக்கக் கோட்பாட்டிற்கு அடித்தளமாயிற்று. 2007 இல் அவருக்கு ஏபெல் பரிசு வழங்கப்பட்டது. வரதராஜன் 1965 இல் லாஸ் ஏஞ்சலசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ரங்கா ராவும் அமெரிக்காவில் பணியாற்றினார். பார்த்தசாரதி மாஸ்கோவிலும் இங்கிலாந்திலும் பணியாற்றிய பின் நாடு திரும்பி, 1976 இல் கழகத்தின் தில்லி மையத்தில் சேர்ந்தார். கழகம் உருவாக்கிய நால்வருள் இந்தியாவில் நிலையாகப் பணியாற்றியவர் இவர் ஒருவரே. வரதராஜன் 2019 இலும், பார்த்தசாரதி 2023 இலும் காலமாயினர்.

ஒப்பீடு

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஆம் ஆண்டு விதிமுறைகள் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தலை விதித்தன. புதுவை காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம் போன்ற நடுவண் பல்கலைக்கழகங்களுக்கும் இவை பொருந்துவன. புள்ளியியல் துறைகளில் பணி தொடங்குவோர் ஆய்விற்கான நேரத்தை இக்கற்பித்தல் பணிக்கு இடையிலேயே தேடிக்கொள்ள வேண்டியவராயினர். நால்வரின் தொடக்க ஆண்டுகளோ பெரிதும் ஆய்விற்கே உரியவையாக இருந்தன.