ஜாங்கோவில் தரவுத்தள இணைப்பு

பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ வலைச் சட்டகம், முதல் வினவல் எழும்போதுதான் தரவுத்தள இணைப்பைத் திறக்கும். கோரிக்கை முடிந்ததும் மூடிவிடும். சிறு தளங்களுக்கு இந்த இயல்பு அமைப்பே போதும். நெரிசல் கூடினால், கோரிக்கைக்குக் கோரிக்கை புதிதாக இணைவதிலும் கடவுச்சொல் சரிபார்ப்பதிலும் நேரம் வீணாகும். அதற்காக 2013இல் வெளியான 1.6 பதிப்பு 'கான் மேக்ஸ் ஏஜ்' அமைப்பைத் தந்தது. அதில் 60 என்று கொடுத்தால் ஓர் இணைப்பை 60 விநாடி வரை திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

கணக்குப் பார்க்காமல் இதை இயக்குவது ஆபத்து. ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென ஓர் இணைப்பைப் பிடித்துவைத்திருக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமோ ஒவ்வோர் இணைப்புக்கும் தனி பிராசஸ் ஒன்றைத் தொடங்குகிறது. அதன் இயல்பு உச்சவரம்பு 100. 10 வொர்க்கர், ஒவ்வொன்றிலும் 12 த்ரெட் என்று ஓட்டினால் தேவை 120ஐத் தொடும். வரம்பை மீறிய கோரிக்கைகள் பிழையோடு திரும்பும். பயனருக்குத் தெரிவது வெறும் 500 பிழைப் பக்கம்தான். வரம்பை உயர்த்திக்கொண்டே போவதைவிட, பிஜிபவுன்சர் போன்ற இணைப்புத் தொகுப்பியை இடையில் வைப்பதே நல்ல வழி. 2024இல் வந்த 5.1 பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கான தொகுப்பு வசதி ஜாங்கோவிலேயே உண்டு. அதைப் பயன்படுத்துவோர் கான் மேக்ஸ் ஏஜை 0 ஆகவே விட வேண்டும்.