மலை கற்றுத்தந்த கட்டடக்கலை

திருவனந்தபுரத்தின் சிக்கனக் கட்டடக்கலைக்கு இமயமலையிலும் ஒரு வேர் உண்டு. இங்கிலாந்தில் பிறந்த லாரி பேக்கர் (1917–2007), மருத்துவரான மனைவி எலிசபெத்துடன் பித்தோராகர் மலையில் சுமார் 15 ஆண்டுகள் வாழ்ந்தார். கிடைக்கும் கல், மண், மரம் கொண்டே மலைமக்கள் வீடு எழுப்பும் நுட்பத்தை அங்கு கற்றார்.

1963இல் கேரளத்தின் வாகமண் மலைக்கும், பின்னர் திருவனந்தபுரத்துக்கும் குடிபெயர்ந்தார். 1970களில் அங்கு வளர்ச்சி ஆய்வு மையத்தைப் பூசாத செங்கல்லால் எழுப்பினார். செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் ‘எலிப்பொறி’ சுவர், செங்கல் செலவை ஏறத்தாழ 25 சதவீதம் குறைத்தது, வெப்பத்தையும் தடுத்தது. பழைய ஓடுகளைப் பதித்த கூரையால் கான்கிரீட்டும் இரும்பும் மிச்சமாயின. 1985இல் தொடங்கிய ‘காஸ்ட்ஃபோர்ட்’ அமைப்பு இம்முறைகளைப் பரப்பியது.